ஆறு கேபிள் இடைவெளி: அட்மிரல் ட்ரையனும் 'விக்டோரியா' கப்பலும்

1893 ஜூன் 22, வியாழக்கிழமை பிற்பகல். இன்றைய லெபனானில் உள்ள திரிபோலி நகருக்கு எதிரே, பிரிட்டனின் மத்தியதரைக் கடற்படையைச் சேர்ந்த இரண்டு பெரும் போர்க்கப்பல்கள் மோதிக்கொண்டன. பகைவர் எவரும் அருகில் இல்லை. மூடுபனி இல்லை, புயல் இல்லை, இயந்திரக் கோளாறும் இல்லை. நல்ல வெயிலில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே இரண்டும் நெருங்கின. தலைமைத் தளபதியின் கொடிக்கப்பலான 'விக்டோரியா' மோதிய 13 நிமிடங்களுக்குள் மூழ்கியது. 358 பேர் இறந்தார்கள். அந்தக் கட்டளையைக் கொடுத்த வைஸ் அட்மிரல் சர் ஜார்ஜ் ட்ரையனும் அவர்களில் ஒருவர். உயிர் தப்பியவர்கள் 357 பேர்.

கடற்படை வரலாற்றில் இதைவிடப் பெரிய உயிரிழப்புகள் பல உண்டு. ஆனால் இந்த விபத்தில் பொறுப்பிலிருந்த முக்கியமானவர்கள் எல்லோருக்கும், கட்டளை பிறந்த நேரத்திலேயே அது தவறு என்று தெரிந்திருந்தது. தெரிந்தும் கப்பல்கள் திரும்பின. ஒரு தளபதி எவ்வளவு பெரிய அறிவாளியாக இருந்தாலும், அவரிடம் கேள்வி கேட்க முடியாத நிலை வந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை.

இரண்டு அட்மிரல்கள்

ட்ரையன் 1832 ஜனவரியில் பிறந்தவர். 1848-இல் கடற்படையில் சேர்ந்தார். கிரிமியப் போரில் செவஸ்தபோல் முற்றுகையில் தரையில் இறங்கிப் போரிட்டுக் காயம்பட்டார். கடலோடும் இரும்புக் கவசக் கப்பல்களில் பிரிட்டன் முதலில் கட்டிய 'வாரியர்' 1861-இல் பணிக்கு வந்தபோது, அதில் அவர் அதிகாரி. 1867–68-இல் அபிசீனியா மீது படையெடுப்பு நடந்தபோது, செங்கடல் ஓரத்தில் தண்ணீர்கூட இல்லாத ஒரு கரையில் வந்து குவிந்த நூற்றுக்கணக்கான சரக்குக் கப்பல்களை ஒழுங்குபடுத்தும் வேலை அவருடையது. நல்ல பெயரைச் சம்பாதித்துக் கொடுத்த வேலை அது. பிறகு கடற்படைத் துறையின் செயலர் பதவி, ஆஸ்திரேலியக் கடற்பகுதியின் தளபதிப் பதவி. 1888-ஆம் ஆண்டின் போர்ப் பயிற்சியில் 'எதிரி'ப் படைக்குத் தலைமை தாங்கி, முற்றுகையை உடைத்துக்கொண்டு வெளியேறி, லிவர்பூலைத் தாக்கிப் பிடித்ததாகக் காட்டினார். 1891-இல் மத்தியதரைக் கடற்படையின் தலைமை அவரிடம் வந்தது. பிரிட்டனின் படைகளிலேயே மதிப்பு மிக்க பதவி அது. கப்பல்களை அணிவகுத்துத் திருப்புவதில் அவருக்கு நிகரானவர் அன்று இல்லை என்று அவரைப் பிடிக்காதவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

அவருக்கு அடுத்த நிலையில் இருந்தவர் ரியர் அட்மிரல் ஆல்பர்ட் ஹேஸ்டிங்ஸ் மார்க்கம். அவரைக் கோழை என்று எழுதியவர்கள் உண்டு, அது அநியாயம். 1876 மே மாதத்தில் வடதுருவப் பனிமேட்டின் மேல் சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு வட அட்சரேகை 83 பாகை 20 கலை வரை போனவர் அவர். அதுவரை மனிதன் எட்டிய வடகோடி அதுதான். நியூசிலாந்து இன்றும் ஏற்றும் கொடியின் வடிவம், அவர் இளம் அதிகாரியாக இருந்தபோது வரைந்து கொடுத்தது. பனியையும் பசியையும் தாங்கத் தெரிந்தவருக்குத் தம் மேலதிகாரியின் கோபத்தைத் தாங்குவது கடினமாக இருந்தது. நம்மில் பலருக்கும் அப்படித்தான்.

ட்ரையன் ஒழிக்க நினைத்தது

இந்த நிகழ்வைக் கட்டளைக்குக் கண்மூடிப் பணிந்த கதையாக மட்டும் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். அதில் பாதிதான் உண்மை. கடற்படையில் வேரூன்றியிருந்த கண்மூடித்தனமான பணிவை எதிர்த்து அன்று மிகத் தீவிரமாகப் போராடிக்கொண்டிருந்தவரே ட்ரையன்தான்.

அன்றைய கப்பல்கள் கொடிகளால் பேசிக்கொண்டன. தலைமைக் கப்பல் ஒரு கொடித்தொகுதியை ஏற்றும். மற்ற கப்பல்கள் அதைச் சமிக்ஞை நூலில் தேடிப் பொருள் கண்டு, பதிலுக்குத் தங்கள் கொடியை ஏற்றும். பொருள் இன்னும் விளங்கவில்லை என்றால் பதில் கொடி பாதி உயரத்தில் நிற்கும். விளங்கிவிட்டால் உச்சிக்குப் போகும். எல்லாக் கப்பல்களின் கொடியும் உச்சிக்குப் போனபின், தலைமைக் கப்பல் தன் கொடியைச் சட்டென்று இறக்கும். அந்தக் கணம்தான் கட்டளை நடப்புக்கு வரும். அமைதிக் காலத்தில் கண்ணுக்கு அழகான ஏற்பாடு. போரில் புகை மறைக்கும், குண்டுபட்டுக் கயிறு அறும், கொடிமரமே சாயும். அப்போது சமிக்ஞைக்காகக் காத்து நிற்கும் கேப்டன் என்ன செய்வார்?

ட்ரையன் இதைத் துணிந்து கேட்டார். டி, ஏ என்ற இரண்டே கொடிகளை ஏற்றிவிட்டு, பிறகு எந்தச் சமிக்ஞையும் இல்லாமல் கப்பலைத் திருப்புவார். பின்னால் வருபவர்கள் முன்னால் போகும் கப்பலைக் கவனித்து, தாங்களே சிந்தித்து நடக்க வேண்டும். இதற்குக் கடற்படைக்குள்ளும் பத்திரிகைகளிலும் கடும் எதிர்ப்பு எழுந்தது. காலம் அவர் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது என்பது என் கருத்து.

ஆனால் சொந்தமாகச் சிந்திக்கும் கேப்டன்களை உருவாக்க விரும்பிய அந்த மனிதர், தாம் சிந்திப்பதை யாரிடமும் சொல்வதில்லை. நாளை என்ன பயிற்சி என்று துணைத்தளபதிக்கே தெரியாது. திடீரென்று ஒரு புதிரைப் போட்டுவிட்டு யார் எப்படி அவிழ்க்கிறார்கள் என்று பார்ப்பது அவர் முறை. உயரமும் பருமனும் தாடியுமாக மேல்தளத்தில் நிற்கும் அவரிடம் குறுக்கே பேசத் துணிந்தவர்கள் குறைவு. புரியாத கட்டளை வந்தால், இதில் ஏதோ சூட்சுமம் இருக்கும், கடைசியில் விளங்கும் என்று நம்ப எல்லோரும் பழகிவிட்டார்கள். ஜூன் 22 அன்று உயிர்களைக் குடித்தது அந்த நம்பிக்கைதான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். டி-ஏ முறை அன்று நடப்பில் இல்லை. மோதல் நடந்தது பழைய சமிக்ஞை நூலின் முறைப்படிதான்.

கணக்கு

படை காலையில் பெய்ரூட்டிலிருந்து புறப்பட்டது. திரிபோலியை நெருங்கியதும், நங்கூரம் பாய்ச்சுவதற்கு முன் ஓர் அழகான அணிவகுப்பைக் காட்ட ட்ரையன் விரும்பினார். கப்பல்கள் இரண்டு வரிசைகளாகப் போக வேண்டும். வலப்பக்க வரிசையில் ஆறு கப்பல்கள், முன்னால் 'விக்டோரியா'. இடப்பக்க வரிசையில் ஐந்து. முன்னால் மார்க்கமின் 'கேம்பர்டவுன்'. பிறகு இரண்டு வரிசைகளும் உட்புறமாக, அதாவது ஒன்றை நோக்கி ஒன்று, முழுதாகத் திரும்பி வந்த வழியே செல்ல வேண்டும். வரிசைகளுக்கு இடையே ஆறு கேபிள் தூரம் என்று முடிவு செய்தார்.

ஒரு கேபிள் என்பது 200 கெஜம். ஆறு கேபிள் 1,200 கெஜம், ஏறத்தாழ 1,100 மீட்டர். அந்த அளவுள்ள ஒரு போர்க்கப்பல் அரைவட்டமடித்துத் திரும்ப, குறுக்களவில் சுமார் 800 கெஜம் பிடிக்கும். இரண்டு கப்பல்கள் ஒன்றை நோக்கி ஒன்று திரும்பினால் 1,600 கெஜம், அதாவது எட்டு கேபிள். அதுவும் திரும்பி முடிக்கும்போது உரசிக்கொள்ளாமல் தப்புவதற்கு மட்டுமே போதும். பத்து கேபிள் இருந்தால்தான் நடுவே இரண்டு கேபிள் பாதுகாப்பாக மிஞ்சும்.

இந்தக் கணக்கைப் போட அட்மிரலாக இருக்க வேண்டியதில்லை. கப்பலின் வழிகாட்டும் அதிகாரி தாமஸ் ஹாக்கின்ஸ்-ஸ்மித் உடனே போட்டார். குறைந்தது எட்டு கேபிளாவது வேண்டும் என்று ட்ரையனிடமே சொன்னார். ட்ரையனும், சரி, எட்டாகவே இருக்கட்டும் என்றார். ஆனால் சிறிது நேரத்தில் சமிக்ஞை அதிகாரி லார்ட் கில்ஃபோர்டிடம் போய்ச் சேர்ந்த எண் ஆறு. கில்ஃபோர்டுக்கும் ஹாக்கின்ஸ்-ஸ்மித்துக்கும் ஐயம். மறுபடி கேட்டனுப்பினார்கள். கப்பலின் கேப்டன் மாரிஸ் பர்க், நம் கப்பல் திரும்பும் வட்டத்தின் குறுக்களவு எண்ணூறு கெஜம் ஆயிற்றே என்று நினைவூட்டினார். ஆறாகவே இருக்கட்டும் என்று பதில் வந்தது. அதோடு பேச்சு நின்றது. ஆறு என்று ஏன் வைத்தீர்கள் என்று எவரும் கேட்கவில்லை.

ட்ரையனின் மனத்தில் என்ன ஓடியது? மிக எளிய விளக்கம் இது: திரும்பிய பின் வரிசைகளுக்கிடையே இரண்டு கேபிள் இருக்க வேண்டும் என்று எண்ணியிருப்பார். அதோடு ஒரு கப்பல் திரும்பப் பிடிக்கும் நான்கு கேபிளைக் கூட்டினால் ஆறு. இன்னொரு கப்பலின் நான்கைக் கூட்ட மறந்துவிட்டார். நாற்பத்தைந்து ஆண்டு அனுபவம் உள்ளவரும் இப்படிச் சறுக்கலாம். சறுக்கியதற்காக அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பாதி உயரத்தில் நின்ற கொடி

பிற்பகல் மூன்றரை மணியை ஒட்டி, திரும்பும் சமிக்ஞை ஏறியது. இப்படியொரு திருப்பத்துக்குச் சமிக்ஞை நூலில் ஒரே குறியீடு இல்லை. அதனால் ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனியாக இரண்டு கட்டளைகள் ஏற்ற வேண்டியதாயிற்று: முதல் வரிசை இடப்புறம் 16 புள்ளி திரும்புக, இரண்டாம் வரிசை வலப்புறம் 16 புள்ளி திரும்புக. 16 புள்ளி என்றால் 180 பாகை. தனித்தனியே படித்தால் இரண்டு கட்டளைகளிலும் குற்றமில்லை. சேர்த்துப் படித்தால்தான் ஆபத்து தெரியும். அப்படியொரு குறியீடே நூலில் இல்லாதது ஓர் எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

'கேம்பர்டவுன்' தளத்தில் நின்ற மார்க்கம் படித்ததும், இது நடக்காத காரியம் என்று தம் அதிகாரியிடம் சொன்னார். பதில் கொடியைப் பாதி உயரத்திலேயே நிறுத்தி வைக்கச் சொன்னார். விளக்கம் கேட்டு செமாஃபோர் கைகாட்டியில் செய்தி அனுப்பவும் முனைந்தார். மற்றக் கப்பல்களின் கொடிகள் உச்சிக்குப் போய்விட்டன. துணைத்தளபதியின் கொடி மட்டும் பாதியில் நிற்பதைப் படை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது.

மார்க்கமின் கேள்வி புறப்படும் முன், 'விக்டோரியா'வின் செமாஃபோர் அசைந்தது: எதற்காகக் காத்திருக்கிறீர்கள்?

எல்லோர் கண்ணெதிரிலும் ஒரு ரியர் அட்மிரலுக்குக் கிடைத்த கண்டனம் அது. மார்க்கம் சில கணங்கள் யோசித்தார். ட்ரையன் அகல வட்டமடித்துத் தம் வரிசைக்கு வெளிப்புறமாக வரப்போகிறார் போலும் என்று ஒரு சமாதானம் தோன்றியது. பெரியவரிடம் ஏதோ சூட்சுமம் இருக்கிறது. கொடியை உச்சிக்கு ஏற்றச் சொன்னார். 'விக்டோரியா' கொடியை இறக்கியது. இரண்டு கப்பல்களின் சுக்கானும் ஒரே நேரத்தில் திரும்பின.

இந்த இடத்தில்தான் நான் நெடுநேரம் நின்றுவிடுகிறேன். பாதிக் கொடி என்பது கடற்படையின் சட்டப்படியே ஒரு கேள்வி. புரியவில்லை என்று சொல்வதற்காகவே அந்த ஏற்பாடு இருந்தது. துணைத்தளபதி முறையாகக் கேட்டார். தலைமைத் தளபதி அதைக் கேள்வியாகப் பார்க்காமல் தாமதமாகப் பார்த்தார். ட்ரையனின் உண்மையான குற்றம் எண் கணக்கில் இல்லை. அந்தச் செமாஃபோர் செய்தியில் இருக்கிறது.

திரும்பத் தொடங்கியதும் கேப்டன் பர்க்குக்கு நிலைமை விளங்கிவிட்டது. நாம் அந்தக் கப்பலை மிகவும் நெருங்கிவிடுவோம் என்றார். இடப்பக்க ப்ரொபெல்லரைப் பின்னோக்கிச் சுழற்றினால் கப்பல் இன்னும் குறுகலாகத் திரும்பும். அதற்கு அனுமதி கேட்டார். பதில் இல்லை. மறுபடி கேட்டார். மூன்றாம் முறை கேட்டபின்தான் ட்ரையன் சரி என்றார். தம் சொந்தக் கப்பலைக் காப்பாற்ற ஒரு கேப்டன் மூன்று முறை அனுமதி கேட்டு நின்றார். காலம் கடந்துவிட்டது.

பதின்மூன்று நிமிடங்கள்

'கேம்பர்டவுன்' கப்பலின் முகப்பில், நீர்மட்டத்துக்குக் கீழே, எதிரிக் கப்பலைக் குத்திக் கிழிப்பதற்கென்றே செய்த இரும்புக் கொம்பு இருந்தது. அது 'விக்டோரியா'வின் வலப்பக்க முன்பகுதியில் நீருக்கடியில் பாய்ந்தது. கொம்பு காயத்தை அடைத்துக்கொண்டிருந்தவரை வெள்ளம் ஓரளவு தடைபட்டிருந்தது. 'கேம்பர்டவுன்' பின்வாங்கி அதை உருவியதும் கடல் உள்ளே புகுந்தது.

நீர்புகாக் கதவுகளை மூடும் கட்டளை மோதலுக்கு ஒரு நிமிடம் முன்புதான் வந்தது. கோடை வெக்கைக்காகப் பல கதவுகளும் மேலே உள்ள திறப்புகளும் திறந்து கிடந்தன. அவை மூடியிருந்தால் இந்த ஓட்டையோடும் கப்பல் கவிழ்ந்திருக்காது என்று கடற்படையின் கப்பல் வடிவமைப்பு நிபுணர்கள் பின்னர் கணக்கிட்டுச் சொன்னார்கள்.

கப்பல் மிதக்கும் என்றே ட்ரையன் நம்பினார். மற்றக் கப்பல்கள் இறக்கத் தொடங்கிய படகுகளை அனுப்ப வேண்டாம் என்று சமிக்ஞை கொடுத்தார். கரையை நோக்கிக் கப்பலைச் செலுத்தச் சொன்னார். முன்பகுதி நீருக்குள் இறங்கியது. மேல்தளத்தில் மாலுமிகள் வரிசை கலையாமல் நின்றார்கள். கீழே இயந்திர அறையில் இருந்தவர்களுக்கு மேலே வரக் கட்டளை கிடைக்கவில்லை. அவர்கள் கடைசிவரை தங்கள் இடத்திலேயே இருந்தார்கள். குதிக்கலாம் என்ற சொல் வந்தபோது கப்பல் வலப்பக்கம் புரளத் தொடங்கியிருந்தது. ப்ரொபெல்லர்கள் இன்னும் சுழன்றுகொண்டிருந்தன. தண்ணீரில் விழுந்த சிலர் அவற்றிலேயே மாட்டினார்கள்.

ட்ரையன் மேல்தளத்தை விட்டு நகரவில்லை. முழுத்தவறும் தம்முடையதே என்று அவர் சொன்னதை அருகில் நின்ற ஹாக்கின்ஸ்-ஸ்மித் பிழைத்து வந்து சாட்சி சொன்னார். ஹெர்பர்ட் லான்யன் என்ற இளம் மிட்ஷிப்மேன் (பயிற்சி நிலை அதிகாரி) அட்மிரலுக்குப் பக்கத்திலேயே நின்றான். இங்கே நிற்காதே, படகுக்குப் போ என்று ட்ரையன் சொன்னார். அவன் போகவில்லை. இருவரும் இறந்தார்கள்.

காய்ச்சலில் படுத்திருந்த துணைக் கேப்டன் ஒருவர் எழுந்து வந்து நீந்தி உயிர் தப்பினார். அவர் பெயர் ஜான் ஜெலிகோ.

தீர்ப்பு

ஜூலை 17 அன்று மால்டாவில் 'ஹைபர்னியா' கப்பலில் இராணுவ நீதிமன்றம் கூடியது. கப்பலை இழந்தவர்கள் என்ற முறையில் கேப்டன் பர்க்கும் பிழைத்த மற்றவர்களும் குற்றவாளிக் கூண்டில். தலைமை வகித்தவர் ட்ரையனுக்குப் பின் அந்தப் பதவிக்கு வந்த சர் மைக்கேல் கல்ம்-சீமோர். மோதலுக்குக் காரணம் ட்ரையனின் கட்டளை என்று நீதிமன்றம் முடிவு செய்தது. பர்க் மீதும் மற்றவர்கள் மீதும் குற்றமில்லை.

மார்க்கமைப் பற்றிய பகுதிதான் நிகழ்வின் உச்சம். முதலில் நினைத்தபடி அவர் விளக்கம் கேட்காமல் போனது வருந்தத்தக்கது என்று நீதிமன்றம் எழுதியது. ஆனால், நேரில் இருந்த தலைமைத் தளபதியின் கட்டளையை நிறைவேற்றியதற்காக அவரைக் குற்றவாளி என்று சொன்னால் கடற்படையின் நலனுக்கே பெருங்கேடு விளையும் என்றும் சேர்த்தது.

இந்த இரண்டாம் வாக்கியத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. தனிமனிதரான மார்க்கமைத் தண்டிக்காமல் விட்டது நியாயம்தான். ஆனால் படைக்குப் போன செய்தி வேறு: கட்டளைப்படி நடந்தால் உனக்கு எந்தக் கேடும் வராது. ட்ரையன் எதை ஒழிக்க முயன்றாரோ அதையே அவருடைய சாவு சட்டமாக்கிவிட்டது. அவரோடு டி-ஏ முறையும் மூழ்கிப்போனது. அந்த முறையை வெறுத்தவர்கள், விபத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று தெரிந்தும், பார்த்தீர்களா என்றார்கள்.

ட்ரையனுக்காக வாதாடுபவர்கள் இன்னொரு விளக்கம் சொல்வதுண்டு. சமிக்ஞையில் 'படையின் ஒழுங்கு மாறாமல்' என்ற பகுதி இருந்தது. முன்பு வலப்பக்கம் இருந்த வரிசை திரும்பிய பின்னும் வலப்பக்கமே இருக்க வேண்டும் என்பது அதன் பொருளானால், ஒரு வரிசை மற்றொன்றுக்கு வெளியே சுற்றி வந்தாக வேண்டும். மார்க்கம் ஊகித்ததும் இதையொட்டியதே. நூலளவில் இந்த வாதம் நிற்கிறது. ஆனால் 'விக்டோரியா' வெளிவட்டம் அடிக்க எந்த முயற்சியும் செய்யவில்லை. 'கேம்பர்டவுன்' திரும்பிய அதே நேரத்தில் தானும் திரும்பியது. தவறு தம்முடையதே என்று ட்ரையன் சொன்னதாக உள்ள சாட்சியமும் இதற்கு எதிராக நிற்கிறது. இப்படியொரு திட்டம் இருந்திருந்தாலும், அதை ஒருவரிடம்கூட முன்கூட்டிச் சொல்லாதது குற்றத்தைக் கூட்டுமே தவிரக் குறைக்காது.

மார்க்கம் 1901 முதல் 1904 வரை நோர் கடற்பகுதியின் தளபதியாக இருந்து, 1918-இல் காலமானார்.

அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1916 மே 31 அன்று ஜட்லாண்டில், பிரிட்டனின் பெரும்படையும் ஜெர்மன் படையும் மோதின. பிரிட்டிஷ் படையின் தலைவர் ஜெலிகோ. 'விக்டோரியா'விலிருந்து நீந்தித் தப்பிய அதே மனிதர். பிற்பகலில் ஜெர்மன் முதன்மைப் படையைக் கண்டதும், பிரிட்டிஷ் முன்னணிப் பிரிவின் தலைவர் பீட்டியின் கப்பல்கள் வடக்கே திரும்பின. அவருக்குத் துணையாக வந்த நான்கு வலிமையான போர்க்கப்பல்களின் தலைவர் எவன்-தாமஸ், தமக்குரிய 16 புள்ளித் திருப்பக் கொடி இறங்கும்வரை எதிரியை நோக்கிப் போய்க்கொண்டே இருந்து, குண்டுமழையில் மாட்டினார். அன்றிரவு ஜெர்மன் படை பிரிட்டிஷ் வரிசையின் வாலுக்குப் பின்னால் ஊடறுத்துப் போனது. 'மலாயா' கப்பல் அதைப் பார்த்தது. சுட அனுமதி கேட்ட அதிகாரிக்கு, முன்னால் போகும் தலைமைக் கப்பலும் பார்த்திருக்கும் என்று பதில் கிடைத்தது. ஜெலிகோவுக்கு யாரும் தகவல் அனுப்பவில்லை. விடிவதற்குள் எதிரிப்படை வீடு நோக்கிப் போய்விட்டது.